வயிற்று சிடி ஸ்கேனில் உள்ளுறுப்புக் காயத்தைக் கண்டுபிடிக்கும் மாடல்: டேட்டா முதல் மருத்துவமனை வரை முழு வழிகாட்டி

வாகன விபத்தில் அடிபட்டு வருபவருக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். ரத்த அழுத்தம் ஓரளவு நிலையாக இருந்தால், ரத்தக்குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி வயிற்றுக்கு சிடி எடுப்பார்கள். ஒரு நோயாளிக்கே நூற்றுக்கணக்கில் ஸ்லைஸ்கள், அதாவது குறுக்குவெட்டுப் படங்கள், வரும்; கிழிசல் அவற்றில் நாலைந்தில் மட்டும் தெரியும். இரவுப் பணியில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேனைப் படித்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர், முன்னால் இதேபோல் இன்னும் பல ஸ்கேன்கள் வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் எதை முதலில் திறப்பது என்பதே சில சமயம் ஓர் உயிரைத் தீர்மானிக்கும்.

மெஷின் லேர்னிங்குக்கு இங்கே இரண்டு நல்ல வேலைகள் இருக்கின்றன. ஆபத்தான ஸ்கேனை வரிசையில் மேலே கொண்டுவருவது ஒன்று. ரேடியாலஜிஸ்ட் பார்த்து முடித்த பிறகு, தவறவிட்டிருக்கக்கூடிய இடத்தைச் சுட்டிக்காட்டுவது இன்னொன்று. இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட ஒரு மாடலை ஆரம்பத்திலிருந்து கட்ட நினைப்பவர்களுக்கு. பைத்தானும் டீப் லேர்னிங்கின் அடிப்படையும் தெரிந்திருந்தால் போதும். மருத்துவப் பக்கத்தைப் போகிற போக்கில் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் எந்த நெட்வொர்க்கை எடுப்பது என்பதற்குத்தான் எல்லோரும் அதிக நேரம் செலவிடுகிறார்கள். முடிவை உண்மையில் மாற்றுவது ஸ்கேனைச் சரியாகப் படிப்பது, லேபிள் எங்கிருந்து வந்தது, டேட்டாவை எப்படிப் பிரித்தோம் ஆகிய மூன்றும்தான். அதனால் அங்கேதான் நிறைய நேரம் நிற்கப் போகிறோம்.

1. கேள்வியை மருத்துவர் கேட்பதுபோல் கேளுங்கள்

"காயம் இருக்கிறதா, இல்லையா" என்ற ஒரே கேள்வியோடு ஆரம்பிக்கத் தோன்றும். அது போதாது. கல்லீரலில் சின்னக் கிழிசல் இருப்பவரைப் பெரும்பாலும் படுக்கையில் வைத்துக் கவனித்தாலே ஆறிவிடும். மண்ணீரலிலிருந்து ரத்தம் வெளியே வந்துகொண்டிருப்பவருக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி அந்தக் கிளையை அடைக்க வேண்டியிருக்கும், அல்லது நேராக அறுவை அரங்கு. குடல் கிழிந்திருந்தால் அறுவைதான். தாமதமானால் வயிறு முழுக்கத் தொற்று பரவும். இந்த மூன்று பேருக்கும் "காயம் உண்டு" என்று ஒரே பதிலைச் சொல்லும் மாடலை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது.

அறுவை மருத்துவர்கள் இதற்கென்று ஒரு தர வரிசை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் விபத்துக்காய அறுவைச் சிகிச்சைச் சங்கம் வகுத்தது, சுருக்கமாக ஏஏஎஸ்டி. நாம் இங்கே பார்க்கும் உறுப்புகளுக்கு 1 முதல் 5 வரை தரம் உண்டு; எண் கூடக் கூடக் காயம் மோசம். 2018இல் மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான தரங்களைத் திருத்தியபோது, சிடியில் தெரியும் ரத்தக்குழாய்க் காயத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். இது நமக்கு முக்கியம். பழைய ரிப்போர்ட்டில் "தரம் 2" என்று எழுதப்பட்ட மண்ணீரல், புதிய முறையில் தரம் 4 ஆகலாம். பல ஆண்டுகளின் ரிப்போர்ட்களைக் கலந்து லேபிள் எடுக்கிறீர்கள் என்றால், எந்தப் பதிப்பின்படி தரம் எழுதப்பட்டது என்று கேட்காமல் நகராதீர்கள்.

ஐந்து தரத்தையும் தனித்தனியாகக் கணிக்கச் சொல்வது வீண் வேலை என்பது என் கருத்து. 2ஆ 3ஆ என்பதில் இரண்டு ரேடியாலஜிஸ்ட்கள் வேறுபடுவது சகஜம். வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கமான ஆர்எஸ்என்ஏ 2023இல் காகிள் தளத்தில் நடத்திய வயிற்றுக்காயப் போட்டியில் இதை நன்றாகவே வகுத்தார்கள். கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகிய மூன்றுக்கும் நலம், குறைந்த தரக் காயம், உயர்ந்த தரக் காயம் என்று மூன்று வகுப்பு. தரம் 1 முதல் 3 வரை குறைந்தது, 4ம் 5ம் உயர்ந்தது. குடலுக்கும் ரத்தக்கசிவுக்கும் உண்டு, இல்லை என்ற இரண்டே வகுப்பு. நீங்கள் புதிதாகத் தொடங்குவதானால் இதே அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிவோடு ஒட்டிப் போகிறது.

2. டேட்டா: எங்கே கிடைக்கும், எதை நம்பலாம்

பொதுவில் கிடைப்பதில் பெரியது அந்தப் போட்டிக்காகத் திரட்டிய தொகுப்புதான். ரேட்டிக் என்று அழைக்கிறார்கள். 14 நாடுகளின் 23 நிறுவனங்களிலிருந்து 4,274 ஸ்கேன்கள். பயிற்சிக்கென்று வெளியிட்ட பகுதியில் 3,147 நோயாளிகள் இருக்கிறார்கள். 400 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும், முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நோயாளி அளவிலான லேபிளோடு, குடல் காயமும் ரத்தக்கசிவும் எந்தெந்த ஸ்லைஸில் தெரிகின்றன என்ற பட்டியலும் உண்டு. 200க்கும் மேற்பட்ட சீரிஸ்களுக்கு (ஒரே ஓட்டத்தில் எடுத்த ஸ்லைஸ்களின் தொகுதி ஒரு சீரிஸ்) உறுப்புகளின் எல்லை வரைந்தே கொடுத்திருக்கிறார்கள்.

இந்தத் தொகுப்பைத் திறந்ததும் முதலில் எண்ணிக்கைகளைப் பாருங்கள். ஏதாவது ஒரு காயம் இருப்பவர்கள் கால்வாசிக்குச் சற்று மேல். ரத்தக்கசிவு சுமார் 6 சதவீதம். குடல் காயம் சுமார் 2 சதவீதம், அதாவது மூவாயிரத்துச் சொச்சம் பேரில் அறுபதைச் சுற்றி. அந்த அறுபதைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்த பிறகு கையில் மிஞ்சுவது என்ன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பின்னால் வரும் பல முடிவுகள் இந்தச் சின்ன எண்ணைச் சுற்றியே இருக்கும்.

சொந்த மருத்துவமனை டேட்டாவைச் சேர்ப்பதானால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதல் படி. அப்புறம் அடையாளம் நீக்குவது. ஸ்கேன் படங்கள் டைகாம் என்ற கோப்பு வடிவில் வரும்; படத்தோடு டேக் எனும் விவரக் குறிப்புகளும் அதில் இருக்கும். பெயரும் பிறந்த தேதியும் இருக்கும் டேக்குகள் எல்லோருக்கும் தெரியும். ஸ்கேனர் நிறுவனங்கள் வைக்கும் தனிப்பட்ட டேக்குகளிலும் விவரம் ஒளிந்திருக்கும். சில படங்களில் பெயர் பிக்சலாகவே பதிந்திருக்கும். டேக்கை மட்டும் அழித்துவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடக்கூடாது. தேவையான டேக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எல்லாம் நீக்குவதுதான் பாதுகாப்பான வழி.

லேபிள் எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதி வையுங்கள். ரிப்போர்ட்டிலிருந்து தானாக எடுத்தால் "கல்லீரலில் கிழிசல் இருப்பதற்கான அறிகுறி இல்லை" என்ற வரியிலிருந்து "கல்லீரல் கிழிசல்" என்று பிடித்துக்கொள்ளும் வேடிக்கை நடக்கும். குடல் விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல்: சிடியில் யாருக்கும் தெரியாமல் போய், அறுவையில்தான் கிழிசல் தெரியவரும் நோயாளிகள் உண்டு. அவர்களை "நலம்" என்று லேபிள் செய்தால், மாடல் சரியாகச் சந்தேகித்ததைத் தப்பு என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். முடிந்தால் அறுவைக் குறிப்பையும் சில நாள் கழித்து எடுத்த ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்து லேபிளை உறுதிசெய்யுங்கள்.

3. ஸ்கேனைச் சரியாகப் படிப்பது

பலருடைய மாடல் இங்கேயே பழுதாகிவிடுகிறது, அதுவும் எந்தப் பிழைச் செய்தியும் வராமல்.

சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஹவுன்ஸ்ஃபீல்டு எண்; அந்த இடம் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. தண்ணீர் 0, காற்று −1000. கொழுப்பு −100ஐச் சுற்றி. உறையாத புதிய ரத்தம் ஏறக்குறைய 30 முதல் 45. உறைந்த கட்டி 45 முதல் 70. காயம்பட்ட உறுப்பை ஒட்டித்தான் ரத்தம் முதலில் உறையும். அதனால் வயிற்றில் தேங்கிய திரவத்தில் எந்தப் பக்கம் அடர்த்தி அதிகமாக இருக்கிறதோ, அந்தப் பக்கத்து உறுப்பை ரேடியாலஜிஸ்ட் சந்தேகிப்பார். மாடலுக்கும் இந்தத் துப்பு கிடைக்க வேண்டும் என்றால் நாம் கொடுக்கும் எண்கள் சரியாக இருக்க வேண்டும்.

கோப்பில் இருக்கும் மூல எண்ணை, அதே கோப்பின் டேக்கில் உள்ள ரீஸ்கேல் ஸ்லோப்பால் பெருக்கி, ரீஸ்கேல் இன்டர்செப்ட்டைக் கூட்டினால் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் வரும். இதுவரை எல்லாப் பாடத்திலும் இருக்கும். இதில் ஒரு கண்ணி உண்டு. 16 பிட் இடத்தில் 12 பிட் எண்ணைக் குறியோடு, அதாவது எதிர்ம எண்ணும் வரக்கூடிய வகையில், வைத்திருக்கும் கோப்புகள் இருக்கின்றன. மேலே உள்ள 4 பிட்களைச் சரியாகக் கையாளாவிட்டால் எதிர்ம எண்கள் பெரிய நேர்ம எண்களாக மாறி, காற்று இருக்க வேண்டிய இடம் எலும்பைவிடப் பிரகாசமாகத் தெரியும். ஆர்எஸ்என்ஏ தொகுப்பிலேயே இப்படிப்பட்ட கோப்புகள் உண்டு. மூல எண்ணை 4 பிட் இடப்பக்கம் நகர்த்தி, குறியுள்ள எண்ணாகக் கொண்டு, மறுபடி 4 பிட் வலப்பக்கம் நகர்த்தினால் சரியாகிவிடும். நகர்த்த வேண்டிய பிட் எண்ணிக்கையை நீங்களாக 4 என்று எழுதிவிடாதீர்கள்; ஒதுக்கிய பிட்டுக்கும் சேமித்த பிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கோப்பிலிருந்தே எடுங்கள்.

சரிபார்க்க எளிய வழி: ஒவ்வொரு சீரிஸிலும் உடலுக்கு வெளியே ஒரு மூலையின் சராசரியை எடுங்கள். −1000ஐ ஒட்டி வர வேண்டும். ஸ்கேன் வட்டத்துக்கு வெளியே −2000க்கும் கீழே நிரப்பி வைக்கும் ஸ்கேனர்களும் உண்டு, அதனால் −1000க்குக் கீழே இருப்பதை −1000ஆக வெட்டிவிட்டு எண்ணுங்கள். எந்த சீரிஸில் இந்த எண் விலகுகிறதோ அதைக் கண்ணால் பாருங்கள்.

ஸ்லைஸ்களின் வரிசைக்குக் கோப்பின் பெயரையோ எண்ணையோ நம்பாதீர்கள். ஒவ்வொரு ஸ்லைஸிலும் நோயாளியின் உடலில் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் டேக் உண்டு. அதன் மேல்கீழ் அச்சை வைத்து வரிசைப்படுத்துங்கள். அடுத்தடுத்த இரண்டுக்கும் உள்ள தூரம் எல்லா இடத்திலும் ஒன்றா என்றும் பாருங்கள். திடீரென்று ஒரு இடத்தில் இருமடங்கானால் நடுவில் ஒரு ஸ்லைஸ் தொலைந்திருக்கிறது.

அடுத்தது விண்டோ, அதாவது எந்த எண் முதல் எந்த எண் வரை கறுப்பு வெள்ளையாகக் காட்டுவது என்ற வரம்பு. வயிற்றுக்கு வழக்கமான விண்டோ நடு 50, அகலம் 400. அதாவது −150 முதல் 250 வரை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுவது. மாடலுக்கு இது ஒன்றை மட்டும் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கான்ட்ராஸ்ட் கலந்த ரத்தம் குழாயிலிருந்து வெளியே பீறிடும் இடம் 250ஐத் தாண்டிப் போகலாம். இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியும், கான்ட்ராஸ்ட் ஏற்றிய சற்று நேரத்திலான தமனிக் கட்டத்தில் தாண்டும். வெட்டிய பிறகு இரண்டும் ஒரே வெள்ளை. மறுபக்கம், குடல் ஓட்டையிலிருந்து வெளியேறும் காற்றுக் குமிழி −150க்குக் கீழே. அதுவும் கொழுப்பும் கறுப்பில் கிட்டத்தட்டக் கலந்துவிடும். கல்லீரலின் மங்கலான கிழிசலுக்கோ இன்னும் குறுகிய விண்டோ வேண்டும். மூன்று சேனல் இருக்கிறது என்றால் குறுகியது, வழக்கமானது, அகலமானது என்று மூன்று விண்டோவைக் கொடுத்துப் பார்க்கலாம். குறைந்தபட்சம் ரத்தக்கசிவுக்கும் குடலுக்கும் அகலமான விண்டோவில் தனி மாடல் ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாக, கான்ட்ராஸ்ட் ஏற்றியபின் எந்தக் கட்டத்தில் எடுத்த ஸ்கேன் என்பது. கான்ட்ராஸ்ட் ஏற்றி சுமார் 25 முதல் 35 நொடியில் எடுத்தால் தமனிக் கட்டம். சுமார் 70 நொடியில் எடுத்தால் போர்ட்டல் சிரைக் கட்டம். தமனிக் கட்டத்தில் நலமான மண்ணீரலே வரிக்குதிரை மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். ரத்தம் அதன் பகுதிகளுக்கு வெவ்வேறு வேகத்தில் போய்ச் சேர்வதுதான் காரணம். புதிதாகப் பயிற்றுவித்த மாடல் இதைக் கிழிசல் என்று சொல்லக்கூடும். ஆர்எஸ்என்ஏ தொகுப்பில் ஒவ்வொரு சீரிஸுக்கும் மகாதமனியின் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணைத் தனி நெடுவரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். கட்டத்தை ஊகிக்க அது நல்ல துணை. சொந்த டேட்டாவில் நீங்களே மகாதமனியை அளந்து வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணை மாடலுக்கு ஒரு கூடுதல் உள்ளீடாகவே கொடுக்கலாம்.

இரண்டு கட்டமும் இருக்கும் நோயாளி கிடைத்தால் பொக்கிஷம். ரத்தம் வெளியேறிக்கொண்டிருந்தால், தமனிக் கட்டத்தில் சின்னப் புள்ளியாக இருந்தது அடுத்த கட்டத்தில் பரவிப் பெரிதாகும். போலிக் குழாய்வீக்கம் (குழாய்ச் சுவர் கிழிந்து ரத்தம் அங்கேயே பைபோல் அடைபட்டிருப்பது) என்றால் வடிவம் மாறாது. ரத்தக்குழாய்கள் மங்கும்போது அதுவும் கூடவே மங்கும். ஒரே ஒரு கட்டத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிப்பது மனிதருக்கே கடினம்.

4. முதலில் உறுப்பு, பிறகு காயம்

முழு வயிற்றையும் ஒரே வாயில் நெட்வொர்க்குக்குக் கொடுத்தால், மூன்று சென்டிமீட்டர் கிழிசல் கோடிக்கணக்கான புள்ளிகளில் தொலைந்துபோகும். ஆகவே உறுப்பைத் தனியாக வெட்டி எடுங்கள். இதற்குப் புதிதாக எதையும் பயிற்றுவிக்க வேண்டியதில்லை. டோட்டல்செக்மென்டேட்டர் என்ற திறந்த மாடல் இருக்கிறது. பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவானது. முதல் பதிப்பே 104 உடற்கூறுகளைப் பிரித்தது. அடியில் ஓடுவது என்என்யூநெட் என்ற, மருத்துவப் படங்களில் எல்லை வரையும் நெட்வொர்க்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இவ்வகை மாடல்கள் பெரும்பாலும் சிதையாத உறுப்புகளைப் பார்த்துப் பழகியவை. மண்ணீரல் சுக்குநூறாக உடைந்திருக்கும் ஸ்கேனில் அதன் பாதியைத்தான் பிடிக்கும். மீதி, சுற்றியுள்ள ரத்தக்கட்டியோடு வெளியே தங்கிவிடும். அதாவது மிக மோசமான நோயாளியிடம்தான் முதல் படி தோற்கும். அதனால் உறுப்பின் எல்லைக்குள் இருப்பதை மட்டும் வெட்டாமல், சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாராளமாக விட்டு ஒரு பெட்டியாக வெட்டுங்கள். உறுப்புக்கு வெளியே இருக்கும் ரத்தமும் துப்புதான். கன அளவு வழக்கத்தைவிட மிகச் சிறியதாக வந்தால் பெட்டியை இன்னும் பெரிதாக்குங்கள்.

உறுப்பே இல்லாத நோயாளிகளும் வருவார்கள்: முன்பே மண்ணீரலை எடுத்தவர், ஒரே சிறுநீரகத்தோடு இருப்பவர். ஸ்கேன் பாதியில் நின்றதால் உறுப்பு முழுதாக வராததும் உண்டு. ஆர்எஸ்என்ஏ தொகுப்பில் இதற்கும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள். இந்த இடங்களில் "நலம்" என்று சொல்லாமல் "பார்க்க முடியவில்லை" என்று சொல்லும் வழியை ஆரம்பத்திலேயே கட்டிவிடுங்கள்.

குடலை இப்படி வெட்ட முடியாது. அது வயிறு முழுக்க இருக்கிறது. குடலுக்கும் ரத்தக்கசிவுக்கும் முழு வயிற்றின் ஸ்லைஸ்களையே வைத்துக்கொள்ளுங்கள்.

5. மாடல்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழு 3டி நெட்வொர்க்குக்கு நினைவகம் நிறைய வேண்டும், டேட்டாவும் நிறைய வேண்டும். இந்த அளவு டேட்டாவுக்கு 2.5டி முறை நன்றாக வேலை செய்கிறது. வெட்டிய பெட்டியிலிருந்து சம இடைவெளியில் 96 ஸ்லைஸ் எடுங்கள். அடுத்தடுத்த மூன்றை ஒரு படத்தின் மூன்று சேனலாக்கினால் 32 படங்கள். சாதாரணப் படங்களில் ஏற்கெனவே பயிற்சி பெற்ற எஃபிஷியன்ட்நெட் அல்லது கான்வ்நெக்ஸ்ட் ஒவ்வொன்றையும் ஓர் அம்சத் தொடராக மாற்றும். அவற்றை வரிசையாக ஒரு ஜிஆர்யு அல்லது எல்எஸ்டிஎம் அடுக்கு படித்து, முடிவில் உறுப்புக்கான விடையைத் தரும்.

பயிற்சியில் ஒரு தந்திரம் மிகவும் கைகொடுக்கும். நம்மிடம் இருப்பது நோயாளி அளவு லேபிள். ஆனால் மண்ணீரலின் நுனி மட்டும் தெரியும் ஸ்லைஸுக்கும் "உயர்ந்த தரக் காயம்" என்று முழு லேபிள் கொடுப்பது அநியாயம். ஒவ்வொரு ஸ்லைஸிலும் உறுப்பு எவ்வளவு தெரிகிறது என்பதை 0 முதல் 1 வரை அளந்து, அதனால் லேபிளைப் பெருக்கிக் கொடுங்கள். 2023 போட்டியில் முதலிடம் பெற்ற அணி இதைச் செய்தது. காயத்தோடு கூடவே உறுப்பின் எல்லையையும் அதே நெட்வொர்க்கை வரையச் சொல்லி ஒரு துணை வேலை கொடுத்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று அது இன்னும் வேகமாகக் கற்றுக்கொள்ளும்.

படங்களை மாற்றிப் பெருக்கும்போது சிறிய சுழற்சி, சிறிய அளவு மாற்றம், பிரகாசத்தில் லேசான ஏற்ற இறக்கம் போதும். இடவலம் புரட்டுவதை முழு வயிற்று மாடலில் தவிர்த்துவிடுங்கள். கல்லீரல் வலப்பக்கம், மண்ணீரல் இடப்பக்கம் என்ற அறிவை நாமே அழிப்பதாக ஆகும். சிறுநீரகப் பெட்டியில் புரட்டினால் பாதகமில்லை.

6. அரிய காயங்களும் லாஸும்

எல்லோரையும் "குடல் நலம்" என்று சொல்லும் மாடல் 98 சதவீதம் சரி. இந்த எண்ணைக் கண்டு யாரும் ஏமாறாமல் இருக்கத்தான் போட்டியிலேயே எடை வைத்தார்கள்: நலம் என்ற வகுப்புக்கு 1, குறைந்த தரக் காயத்துக்கு 2, உயர்ந்த தரத்துக்கு 4, ரத்தக்கசிவுக்கு 6. நோயாளியிடம் ஏதாவது ஒரு காயம் உண்டா என்ற மொத்த விடைக்கும் 6. தவறவிட்டால் யாருக்கு அதிக ஆபத்து என்பதை எண்ணாக எழுதியது இது.

எடை வைப்பதும், அரிய காயத்தை அடிக்கடி காட்டிப் பயிற்றுவிப்பதும் பலன் தரும். கூடவே ஒரு விளைவும் வரும்: மாடல் சொல்லும் நிகழ்தகவு ஊதிப்போகும். "70 சதவீதம்" என்று அது சொல்லும் ஸ்கேன்களில் உண்மையில் 30 சதவீதத்தில்தான் காயம் இருக்கலாம். ரேடியாலஜிஸ்டிடம் அந்த எண்ணைக் காட்டப் போகிறீர்கள் என்றால், எடையில்லாத வேலிடேஷன் தொகுப்பில் பிளாட் ஸ்கேலிங் போன்ற, நிகழ்தகவை உண்மை விகிதத்தோடு பொருத்தும் ஒரு முறையால் நேர்செய்த பிறகே காட்டுங்கள்.

இன்னொன்று, காயம்போலத் தோன்றி ஏமாற்றும் நலமான ஸ்கேன்களை வேண்டுமென்றே தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்ணீரலில் பிறவியிலேயே இருக்கும் பிளவு, கல்லீரலை வயிற்றுச் சுவரோடு இணைக்கும் அரிவாள் இணையத்தை ஒட்டிய கொழுப்புத் திட்டு, சிறுநீரக நீர்க்கட்டி, கையை மேலே தூக்க முடியாமல் பக்கவாட்டில் வைத்ததால் வயிற்றின் குறுக்கே ஓடும் கோடுகள், மூச்சு அசைவால் இரட்டையாகத் தெரியும் விளிம்பு. ரேடியாலஜிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இந்தப் பட்டியலை ஒரு மதியத்தில் இருமடங்காக்கிவிடுவார்.

7. பிரிப்பது

ஒரே நோயாளியின் இரண்டு சீரிஸில் ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் போய்விட்டால், உங்கள் மதிப்பெண் பொய். ஸ்லைஸ் அளவில் பிரித்தால் அதைவிட மோசம். நோயாளி அடையாள எண்ணை வைத்துக் குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பங்கிலும் அரிய காயங்கள் சமமாக வருமாறும் பாருங்கள்.

அதுவும் போதாது. முடிந்தால் ஒரு முழு மருத்துவமனையைப் பயிற்சியில் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியா தேடிய நெட்வொர்க், படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதையே கண்டுகொள்வது தெரியவந்தது. ஓரிடத்தில் நோய் அதிகம் என்றால் அந்த இடத்தை அடையாளம் கண்டாலே மதிப்பெண் கிடைத்துவிடும். நம் வேலையிலும் இதே ஆபத்து உண்டு. உடம்பில் செருகிய நெஞ்சுக் குழாய், அவசரத்தில் நோயாளிக்குக் கீழே விட்டுவைத்த முதுகுப்பலகை, முன்பு போட்ட உலோகக் கிளிப் எல்லாம் "பெரிய விபத்து" என்று மாடலுக்குச் சொல்லிக்கொடுக்கும். கசியும் குழாயை அடைக்க வைத்த உலோகச் சுருள் தெரியும் ஸ்கேன் சிகிச்சைக்குப் பிறகு எடுத்தது. அவற்றைத் தொகுப்பிலிருந்தே நீக்குங்கள்.

8. மதிப்பிடுவது

காயத்தையும் நலத்தையும் மாடல் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்பதற்கு ஏயூசி ஒரு எண்ணைத் தரும். அதை வைத்து மருத்துவமனையில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 ஸ்கேனில் 50 பேருக்குக் காயம். மாடல் காயத்தில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நலமானவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. பிடிபட்டவர்கள் 45, வீணாக மணியடித்தது 95. ஆக 140 எச்சரிக்கையில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவாகவே உண்மை. போட்டித் தொகுப்பில் கால்வாசிப் பேருக்குக் காயம் இருந்ததால் இந்த விகிதம் அங்கே அழகாகத் தெரியும். உங்கள் இடத்தில் எவ்வளவு பேருக்குக் காயம் இருக்கும் என்பதை வைத்து இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள்.

அரிய காயத்துக்கு இடைவெளியையும் சேர்த்து எழுதுங்கள். சோதனையில் 10 குடல் காயம் இருந்து 8ஐப் பிடித்தால், "80 சதவீதம்" என்று எழுதுவோம். 95 சதவீத நம்பக இடைவெளி சுமார் 49 முதல் 94 வரை போகும். இரண்டு மாடல்களை ஒப்பிட்டு ஒன்று சிறந்தது என்று சொல்ல இது போதாது.

எண்கள் முடிந்ததும் தவறுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தவறவிட்ட உயர்ந்த தரக் காயங்கள் அனைத்தையும், வீண் எச்சரிக்கையில் அதிக நிகழ்தகவு பெற்ற ஒரு ஐம்பதையும் ரேடியாலஜிஸ்டோடு உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணம் எழுதுங்கள்: லேபிள் தப்பு, உறுப்பு சரியாக வெட்டப்படவில்லை, தமனிக் கட்டம், அசைவு, உண்மையிலேயே நுண்ணிய காயம். மாடல் எங்கே பார்த்தது என்று நிறத்தில் காட்டும் வெப்பப்படத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மாடல் மண்ணீரல்மேல் சிவப்பாகக் காட்டுகிறது என்பதால் கிழிசலைத்தான் பார்த்தது என்று ஆகிவிடாது. தரமும் கட்டமும் ஸ்கேனர் வகையும் ஸ்லைஸ் தடிமனும் வாரியாக மதிப்பெண்ணைப் பிரித்துப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் ஸ்லைஸில் மெல்லிய கிழிசல் பக்கத்துத் திசுவோடு கலந்து மறைந்துவிடும். சரிவு பெரும்பாலும் அங்கே தெரியும்.

9. மருத்துவமனைக்குள்

நோயாளியின் சிகிச்சையைத் தொடும் மென்பொருள் பல நாடுகளில் மருத்துவக் கருவியாகவே கருதப்படுகிறது. அதற்குரிய அனுமதி இல்லாமல் நிஜப் பணியில் இறக்கக்கூடாது. அதற்கு முன்னால் நிழல் ஓட்டம்: மாடல் ஒவ்வொரு ஸ்கேனையும் பார்க்கும், விடையை யாருக்கும் காட்டாது, பதிவு மட்டும் செய்யும். பின்னர் ரிப்போர்ட்டோடு ஒப்பிடலாம். நேரத்தையும் இதே சமயத்தில் அளந்துவிடுங்கள். ஸ்கேன் முடிந்த நொடியிலிருந்து விடை வரும்வரை எவ்வளவு ஆகிறது? ரேடியாலஜிஸ்ட் படித்து முடித்த பிறகு வரும் எச்சரிக்கையால் வரிசை மாறாது.

எந்த நிகழ்தகவுக்கு மேல் எச்சரிக்கை எழுப்புவது என்ற வரம்பை ரேடியாலஜிஸ்டும் அறுவை மருத்துவரும் சேர்ந்து தீர்மானிக்கட்டும், உறுப்புக்கு உறுப்பு தனியாக. ரத்தக்கசிவுக்கு வீண் எச்சரிக்கை கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்வார்கள். குறைந்த தரச் சிறுநீரகக் காயத்துக்குப் பொறுக்கமாட்டார்கள். மாடலுக்குத் தெரியாத ஒன்று அவர்களுக்குத் தெரியும்: நோயாளியின் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும். அறுவைக்குப் போவதா வேண்டாமா என்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு. அதனால் திரையில் "அறுவை தேவை" என்ற மாதிரி வாசகம் எதுவும் வரக்கூடாது. "மண்ணீரல், சந்தேகம் அதிகம், ஸ்லைஸ் 112 முதல் 118 வரை" என்று உறுப்பும் இடமும் சொன்னால் போதும். அவர் நேராக அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார். எச்சரிக்கை வராத ஸ்கேன் வரிசையில் கடைசிக்குத் தள்ளப்படாமலும் பாருங்கள். வழக்கமான நேரத்துக்குள் அது படிக்கப்பட்டாக வேண்டும்.

வயிறு அல்லாத ஸ்கேன், கான்ட்ராஸ்ட் இல்லாத ஸ்கேன், ஸ்லைஸ் தொலைந்த சீரிஸ் உள்ளே வந்தால் மாடல் விடை சொல்லக்கூடாது. காரணத்தோடு மறுக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்புகளை மாடலுக்கு முன்னால் தனிக் கதவாக வையுங்கள். அதன் பிறகு வாரந்தோறும் மூன்று எண்களைப் பாருங்கள்: எத்தனை ஸ்கேனில் எச்சரிக்கை வந்தது, எத்தனையில் மறுத்தது, மகாதமனியின் சராசரி ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்ன. புது ஸ்கேனர் வாங்கினாலோ, கான்ட்ராஸ்ட் ஏற்றும் வேகத்தை மாற்றினாலோ, மென்பொருளைப் புதுப்பித்தாலோ மூன்றாவது எண்தான் முதலில் நகரும், யாரும் வந்து உங்களிடம் சொல்வதற்கு முன்பே. அது நகர்ந்த வாரத்து ஸ்கேன்களை மட்டும் எடுத்து, எட்டாம் படியில் செய்ததுபோல் ரேடியாலஜிஸ்டோடு மறுபடி உட்காருங்கள்.